நாலடி நிழல்

மூன்றாம் மாடிக்குக் கொங்கிறீற் போட்ட அன்று
டொறின் வீட்டிலிருந்து புரியாணிப் பார்சல் வந்தது.
அடுத்த நாள் தொட்டு வெயில் வரவில்லை.

அவர்கள் மதிலுக்கும் எங்கள் குசினிச் சுவருக்கும் நடுவே
நாலடி அகலம், இருபத்தாறடி நீளம்.
முதலில் கொச்சிக்காய்க் கன்று போனது,
மறுகா நித்தியகல்யாணி.
கறிவேப்பிலை மட்டும் கழுத்தை நீட்டி
கூரைக்கு மேலே எதையோ தேடியபடி நின்றது.

மாநகரசபைக்கு எழுதினேன்.
எல்லை, வெளிச்சம், காற்றோட்டம் என்று மூன்று பந்தி.
நாலாம் பந்தியில்,
அவர்களுடைய ஏசிக் குழாய் என் வளவுக்குள்
இரவு முழுக்கச் சொட்டுகிறது என்றும்.

பதில் வரும்வரை சும்மா இருக்க ஏலாது.
பதுளை பஸ்ஸில்
ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்து
பன்னங்கள் கொண்டுவந்தேன்.
பொஸ்டன் இரண்டு,
பறவைக்கூடு ஒன்று,
கறுப்புக் கம்பிக் கால்களோடு ஒரு கன்னிக்கூந்தல்.
செங்கலடிச் சந்தியில் கண்டக்டர் கேட்டான்,
"கீரையா அக்கா?"
பூக்காது, காய்க்காது, கறிக்கும் ஆகாது என்று
சொல்ல வாய் வரவில்லை.
"ஓம்" என்றேன்.

தும்புச்சோறு, ஆற்றுமணல், உக்கிய பலா இலை.
எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.
புளியந்தீவுக் கிணற்றில் வாவி ஒரு கை போட்டிருப்பதை
என் தேத்தண்ணி பொறுத்துக்கொள்ளும்,
கன்னிக்கூந்தல் பொறுக்காது.
இலை விளிம்புகள் கருகின,
யாரோ ஊதுபத்தியால்
ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டு போனதுபோல.
ஆடியில் கச்சான் அடித்தது.
நிழலுக்குள்ளும் புகுந்து
சட்டி சட்டியாக முகர்ந்து பார்த்தது.
வாடாமல் நின்றது ஒரு பொஸ்டன்தான்,
இடமில்லாமல்
குழாய்க்கு நேர் கீழே நான் தள்ளிவைத்தது.
மரவட்டைபோல் சுருண்டு கிடந்த அதன் குருத்துகள்
பயம் தெளிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன.

குந்தியிருந்து பார்த்தேன்.
உப்பில்லாத தண்ணீர்.
மூன்றாம் மாடிப் படுக்கையறையின் காற்றைப் பிழிந்தது.
டொறினின் இருமல், கிறேஷியனின் குறட்டை,
பரீட்சைக்குப் படிக்கும் பெடியனின் கொட்டாவி,
எல்லாம் குளிர்ந்து, துளியாகி
என் பக்கம் விழுகிறது.
மிச்சச் சட்டிகளையும் அதன் கீழே நகர்த்தினேன்.
கன்னிக்கூந்தல் அதற்குள் போய்விட்டிருந்தது.
ஒரு வாளி வைத்தேன்.
நித்திரை வராத ஓரிரவு எண்ணினேன்:
நிமிடத்துக்கு எழுபது சொட்டு.
விடியும்போது இரண்டு போத்தல்.

புரட்டாதியில்
சபையிலிருந்து ஒருவர் கோப்போடு வந்தார்.
என்னைக் கேளாமலே அவர்கள் வீட்டுக்குப் போனார்.
அன்று பின்னேரமே குழாயைத் திருப்பிவிட்டார்கள்.
கிறேஷியன் மதிலால் எட்டி,
"மன்னிச்சிக்கங்க, எங்களுக்குத் தெரியாது" என்றார்.
நான் பெரிய மனதோடு தலையாட்டினேன்.

என்ன மனுஷி நான்.

ஐந்து நாள் பொறுத்தேன்.
ஆறாம் நாள் அவர்கள் வீட்டு மணியை அடித்தேன்.
சொல்லிப் பழகிய வசனங்கள் படியிலேயே உதிர்ந்தன.
"அந்தத் தண்ணிய திரும்ப விடுவீங்களா?"
டொறின் கதவைப் பிடித்தபடி
கனநேரம் சிரித்தாள்.
சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது.
இருக்கட்டும்.

இப்போது கார்த்திகை.
அடைமழை. யாருடைய குழாயும் தேவையில்லை.
சுவர் பச்சையாய் வேர்க்கிறது.
யாரும் நடாத பன்னம் ஒன்று
அவர்கள் மதிலின் சீமெந்து வெடிப்பில்,
என் கைக்கு எட்டாத உயரத்தில்.

நேற்று பொஸ்டன் இலையைப் புரட்டினேன்.
பின்புறம் முழுக்கக் கபிலப் புள்ளிகள்,
தையல்காரி அளந்து குத்தியதுபோல இரண்டு வரிசை.
முற்றிய இலை ஒன்றை நறுக்கி
தாளில் கவிழ்த்து, மேலே டெலிபோன் டிரெக்டரியைப் பாரம் வைத்தேன்.
அவசரத்தில் கைக்கு அகப்பட்ட தாள்
அந்த மனுவின் போட்டோப் பிரதி.

காலையில் இலையைத் தூக்கினால்
இலை இன்னும் அங்கேயே கிடந்தது,
தூளாக,
நரம்பு நரம்பாக.
நாலு பந்தியும் அதற்கடியில்.
என் கையெழுத்து மட்டும் தெரிந்தது.

செங்கல்லை அவிக்க வேண்டும்,
ஐஸ்கிறீம் டப்பாவில் வைத்து
இந்தத் தூளைத் தூவி
பொலித்தீன் கட்ட வேண்டும்.
இரண்டு மாதம் ஒன்றுமே தெரியாதாம்.

தும்மல் வந்தது.
மூக்கைப் பொத்திக்கொண்டு
குசினிக்கு ஓடினேன்.